பப்பினோ: ஊரை விட்டுப்போன தலைவர்

மொன்றியலில் பச்சை மெட்ரோவில் போறவர்களுக்கு பப்பினோ நிலையம் தெரியும். அங்கே சுவர் ஓவியங்கள் 1837-38 கிளர்ச்சியைச் சொல்கின்றன. எங்களில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்?

லூயி-ஜோசப் பப்பினோ 1786இல் மொன்றியலில் பிறந்தவர். 1815இல், 28 வயதிலேயே, கீழ்க் கனடா எனப்பட்ட இன்றைய கியூபெக்கின் சபாநாயகரானார். சபையில் பிரெஞ்சு மக்களின் பிரதிநிதிகளே பெரும்பான்மை. அதிகாரமோ லண்டன் அனுப்பிய ஆளுநரிடம். எங்கட ஆட்களுக்குப் புதுக் கதையில்லை.

இருபது வருசம் பேச்சும் மனுவுமாகவே போராடினார். 1834இல் 92 தீர்மானங்கள் லண்டனுக்குப் போயின. 1837இல் வந்த பதில் முழு நிராகரிப்பு. சபையைக் கேட்காமலே ஆளுநர் மாகாணப் பணத்தை எடுக்கலாம் என்றும் ஆனது. பிரித்தானியப் பொருட்களைப் புறக்கணிக்கச் சொன்னார் பப்பினோ. ஒக்டோபரில் சென்-சார்ல் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அங்கும் அவர் ஆயுதத்துக்குத் தயங்கினார். டொக்டர் வூல்ஃப்ரெட் நெல்சன் தயங்கவில்லை.

நவம்பர் 23இல் நெல்சனின் ஆட்கள் சென்-டெனியில் படையைத் திருப்பி அடித்தார்கள். அன்றைக்கே பப்பினோ ஊரை விட்டு வெளியேறி, பிறகு அமெரிக்காவுக்குப் போனார். அவர் தலைக்கு 1,000 பவுண் விலை. நெல்சன் அனுப்பினாரா, பயந்து ஓடினாரா? பத்து வருசம் கழித்து இருவரும் இதற்காகவே பகிரங்கமாக மோதினார்கள். இன்றும் தீராத வழக்கு.

அவர் போனபின் சென்-சார்ல் விழுந்தது, சென்-உஸ்தாஷ் எரிந்தது. 1838 கிளர்ச்சியும் தோற்றது. 12 பேரை மொன்றியலில் தூக்கிலிட்டார்கள். 58 பேரை அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். நொத்தாரிசு டி லோரிமியேயும் முதலில் எல்லை தாண்டியவர்தான். ஆனால் திரும்பி வந்தார், பிடிபட்டார், 35 வயதில் தூக்கேறினார். அந்தச் சிறைக் கட்டடம் பப்பினோ மெட்ரோவிலிருந்து நடை தூரத்தில் இன்றும் நிற்கிறது.

பப்பினோ பாரிஸில் இருந்து, மன்னிப்புக் கிடைத்தபின் 1845இல் திரும்பினார். மறுபடி சபைக்குப் போனார். பழைய செல்வாக்கு வரவில்லை. 1871இல் மொன்டபெல்லோ மாளிகையில், 84 வயதில் இறந்தார்.

2003 முதல் கியூபெக்கில் மே மாத விடுமுறை ஒன்று இந்தத் தோற்றவர்களின் நாள். எங்களுக்கும் மே மாதம் கனமானதுதான். பப்பினோ, டி லோரிமியே இரண்டு பெயரும் அருகருகே வீதிகளாக ஓடுகின்றன. கியூபெக்காரர் போனவரையும் அழிக்கவில்லை, தூக்கேறியவரையும் மறக்கவில்லை. தலைவரைக் கேள்வி கேட்டவரைத் துரோகியாக்கவும் இல்லை. எங்கட பிள்ளைகள் எங்கட கதையைக் கேட்கும்போது, அப்படிச் சொல்ல எங்களுக்கு மனம் வருமோ?