தமிழில் டாக்டர் படிப்பு சொல்லிக்கொடுத்த கிரீன்

ஏற்காடு மலையில தமிழ் மீடியம் படிக்கிற நம்மால டாக்டர் ஆக முடியுமா என்று நிறைய பேர் கேட்கிறோம். அதனால் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் வரலாற்றை எழுதுகிறேன்.

இவர் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி அமெரிக்காவில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். நியூயார்க்கில் படித்து 1845-ல் டாக்டர் ஆனார். 1847-ல் அமெரிக்க மிஷன் சார்பாக இலங்கையில் உள்ள யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அப்போ விமானம் ஏது? கப்பலில் மாதக்கணக்கில் வர வேண்டும். வந்ததும் தமிழ் படித்தார்.

1848-ல் மானிப்பாய் என்ற ஊரில் ஆஸ்பத்திரி தொடங்கி, நம் ஆட்களுக்கே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். முதலில் பாடம் இங்கிலீஷில்தான் நடந்தது. ஆனால் படித்து முடித்த பலர் அரசாங்க வேலைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் கிராமத்து ஜனங்களை யார் பார்ப்பது? அதனால் 1860-களில் தமிழிலேயே பாடம் நடத்த ஆரம்பித்தார்.

பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே! அதையும் அவரும் அவர் மாணவர்களும் சேர்ந்து எழுதினார்கள். அறுவை சிகிச்சை பற்றி 'இரண வைத்தியம்' 1867-ல் வந்தது. உடம்பின் பாகங்களைப் பற்றி 'மனுஷ அங்காதிபாதம்' 1872-ல் வந்தது. தமிழில் சொல் இருந்தால் அதையே போட்டார். இல்லையென்றால் வடமொழிச் சொல். அதுவும் இல்லையென்றால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் மாதிரி மாற்றினார். கெமிஸ்ட்ரிக்கு அவர் வைத்த பேர் 'கெமிஸ்தம்'. கேட்டால் சிரிப்பு வருது இல்லையா? ஆனால் 150 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் அதற்காக மெனக்கெட்டிருக்கிறார்.

இது ஏன் முக்கியம் தெரியுமா? எங்க பாட்டி எஸ்டேட்ல காபி பழம் பறிக்கிறாங்க. மாத்திரை அட்டையில எல்லாமே இங்கிலீஷ். இது சாப்பிட்டுட்டுப் போடுறதா, வெறும் வயித்துலயா என்று தினமும் என்னைத்தான் கேட்பாங்க. நான் பள்ளிக்கூடம் வந்துட்டா யாரைக் கேட்பாங்க?

கிரீன் உடம்பு சரியில்லாமல் 1873-ல் அமெரிக்கா திரும்பினார். அங்கே போயும் தமிழ்ப் புத்தக வேலையை விடவில்லை. 1884-ல் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவம் செய்தவர் என்று சொல்லும்படி அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். அவரிடம் படித்து டாக்டர் ஆனவர்கள் 60 பேருக்கு மேல்.

இன்றைக்கும் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பாடம் இங்கிலீஷில்தான். ஆனால் 2020 முதல் நம்மைப் போல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. நீட் தேர்வையும் தமிழில் எழுதலாம். ஆகவே தோழிகளே, பயப்படாதீங்க.

நான் அறிவியல் பாடத்தில் வரும் சொற்களைத் தமிழ் ஒரு பக்கம், இங்கிலீஷ் ஒரு பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். வேண்டியவர்கள் வாங்கிப் படிக்கலாம். பத்திரமாகத் திருப்பித் தரவும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி