கப்பல் வாங்கப் போன வழக்கறிஞர்

கரிசல் சீமையில் உழவு மாடு வாங்கப் போகிறவர் மாட்டின் அழகைப் பார்த்து விலை பேசமாட்டார். பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடத்திப் பார்ப்பார். வண்டிக்கா, உழவுக்கா, இடப்பக்கம் பழகியதா, வலப்பக்கம் பழகியதா என்று விசாரிப்பார். மழை பெய்தால் காலைப் பிடித்திழுக்கும் அந்த மண்ணுக்கு எந்த மாடு ஏற்றதோ அதுதான் அவருக்கு நல்ல மாடு. இன்று பிறர் ஓட்டிய காரை வாங்குபவரும் இதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் பலர் வேகத்திலும் பளபளப்பிலும் மயங்கி, எந்திரத்தையும் எரிபொருட் செலவையும் பிறகு நினைத்து வருந்துகிறார்கள்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே கரிசல் சீமையைச் சேர்ந்த ஒருவர் பழைய ஊர்தி ஒன்றை வாங்கப் புறப்பட்டார். அவர் தேடியது மாடும் அன்று, வண்டியும் அன்று. கடலில் ஓடும் நீராவிக் கப்பல். அவரை நாம் கப்பலோட்டிய தமிழன் என்றும், செக்கிழுத்த செம்மல் என்றும் போற்றுகிறோம். கப்பலை அவர் எவ்வாறு வாங்கினார், எதைத் தேர்ந்தார், எதை விடுத்தார் என்று கேட்பவர் அரிது. வ.உ.சிதம்பரனாரின் வாழ்க்கையை இந்தக் கேள்வியின் வழியே பார்த்தால், தியாகிக்குப் பின்னால் மறைந்து நிற்கும் பொருளாதார அறிவாளர் ஒருவர் புலப்படுகிறார்.

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரம் என்றும் ஓட்டப்பிடாரம் என்றும் வழங்கும் ஊரில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் அவர். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி இவ்வூருக்கு அருகில்தான் இருக்கிறது. தந்தையார் வழக்கறிஞர். மகனும் பிளீடர் தேர்வில் தேறி, சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார். 1900ஆம் ஆண்டளவில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். வானம் பார்த்த பூமியிலிருந்து துறைமுக நகருக்கு வந்த அந்த இடமாற்றம் அவருடைய பார்வையையே மாற்றியது எனலாம். கரிசலில் விளைந்த பருத்தி தூத்துக்குடி வழியாகத்தான் கடல் கடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன ஏழைகளும், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர்களும் ரயிலில் வந்திறங்கிக் கப்பலேறியதும் அங்கேதான். சரக்கும் நம்முடையது, பயணிகளும் நம்மவர். கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியுடையது. கூலியும் கட்டணமும் அந்தக் கம்பெனி வைத்ததே சட்டம்.

1905இல் வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கம் பெரும்பாலான ஊர்களில் அந்நியத் துணியை விலக்குவதாக அமைந்தது. சிதம்பரனாரும் நெசவுச் சாலை, பண்டகசாலை ஆகிய முயற்சிகளில் ஈடுபட்டவர்தாம். ஆனால் பொருளை உற்பத்தி செய்வதோடு வேலை முடிந்துவிடாது, அதைக் கொண்டுசெல்லும் வழியும் நம் கையில் இருக்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். போக்குவரத்தைக் கையில் வைத்திருப்பவரே வணிகத்தின் இலாபத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார் என்பது பொருளியலின் பாலபாடம். அதை எந்த வகுப்பறையிலும் கற்காமல், துறைமுகக் கரையில் நின்று அவர் கற்றார்.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். சிதம்பரனார் துணைச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கென 2 லட்சம் ரூபாய் அளித்தார். செல்வரிடம் மட்டும் கை நீட்டாமல், சிறு வணிகரும் ஒன்றிரண்டு பங்கு வாங்கக்கூடிய அளவில் பங்கின் விலையை வைத்ததில் ஒரு கணக்கு இருந்தது. பங்கு வாங்கியவர் தம் சரக்கை அந்தக் கப்பலிலேயே ஏற்றுவார். பங்குதாரரே வாடிக்கையாளரும் ஆவார்.

கம்பெனி அமைந்தது, ஆனால் கப்பல் இல்லை. முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தார்கள். முதலீடு குறைவு, இடர்ப்பாடும் குறைவு. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு வாடகை முறை பொருத்தமாகவே தோன்றும். ஆனால் பிரிட்டிஷ் கம்பெனி கொடுத்த நெருக்கடியால் கப்பலுக்கு உரியவர்கள் வாடகை ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து ஒரு கப்பலை அமர்த்தி ஒருவாறு நிலைமையைச் சமாளித்த சிதம்பரனார், இரவல் கப்பலை நம்பித் தொழில் நடத்த முடியாது என்ற முடிவுக்கு வந்தார். தொழிலின் உயிர்நாடியான கருவி பிறருடையதாக இருந்தால், போட்டியாளர் நம்மிடம் வரவேண்டியதில்லை. கருவிக்கு உரியவரை மிரட்டினாலே போதும். வாடகையா, சொந்தமா என்ற கேள்விக்கு விலைப்பட்டியலில் விடை இருக்காது; யார் யாரை நெருக்க முடியும் என்பதில்தான் இருக்கும்.

அடுத்த கேள்வி, புதிய கப்பலா, ஓடிய கப்பலா என்பது. புதிய கப்பலைக் கட்டச் சொன்னால் ஐரோப்பியத் தளங்களில் முறை வருவதற்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை பங்குதாரரின் ஊக்கமும் சுதேசி வேகமும் தாங்குமா? ஏற்கெனவே கடலில் ஓடிக்கொண்டிருந்த கப்பல்களை வாங்குவதே காலத்துக்கும் கைப்பணத்துக்கும் ஏற்றது. பொருள் திரட்டவும் கப்பல் தேடவும் அவர் பம்பாய்க்குப் புறப்பட்டபோது மகன் உலகநாதன் நோயுற்றிருந்தான். மனைவி மீனாட்சி அம்மாள் கருவுற்றிருந்தார். கப்பலோடுதான் திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மாய்வேன் என்று சூளுரைத்துச் சென்றார் என்பர். திலகரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. காலியா என்ற கப்பலும், பிரான்ஸிலிருந்து லாவோ என்ற கப்பலும் வாங்கப்பட்டன. 1907 மே மாதத்தில் அவை தூத்துக்குடிக் கடலில் நின்றபோது ஊரே திரண்டு வரவேற்றது. பாரதியாரின் இந்தியா இதழ் அதைக் கொண்டாடியது.

அந்தக் கப்பல்களின் அமைப்பைக் கவனிப்போம். ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இடங்கள் ஏழைப் பயணிகளுக்கு உரியவை. துரைமார் விரும்பும் அறைகளை நிறைத்துப் பெருமை காட்டும் கப்பல் அன்று அது. தோட்டத் தொழிலாளியும் சிறு வியாபாரியும் ஒரே கூரையின்கீழ், தம் மூட்டை முடிச்சுகளோடு கடல் கடக்கும் கப்பல். அந்த வழித்தடத்தின் வருவாய் எங்கிருந்து வரும் என்று அறிந்தவருக்கே ஏற்ற தேர்வு இது.

எந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1880களிலிருந்தே நீராவியை மூன்று உருளைகளில் அடுத்தடுத்துச் செலுத்தி வேலை வாங்கும் எந்திரங்கள் பரவி, நிலக்கரிச் செலவை வெகுவாகக் குறைத்திருந்தன. 1907இல்தான் லூசிடானியா, மாரிடேனியா ஆகிய பெருங்கப்பல்கள் டர்பைன் விசையில் அட்லாண்டிக் கடலைக் கடந்து உலகை வியப்பில் ஆழ்த்தின. ஆனால் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுமார் 150 கடல்மைல்தான். மாலையில் புறப்பட்டால் காலையில் சேரும் தொலைவில், இரண்டு மணி நேரம் முந்திச் செல்வதால் யாருக்கும் பயனில்லை. வேகத்தைக் கூட்டினால் கரி எரிவது பன்மடங்காகும். தூத்துக்குடிக்கோ நிலக்கரி வெளியிலிருந்து வரவேண்டும். மேலும் தூத்துக்குடியில் கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, பயணிகளும் சரக்கும் படகுகளில் போய்ச் சேர வேண்டியிருந்தது. ஆழ்கடல் துறைமுகம் 1974இல்தான் அங்கே வந்தது. இத்தகைய வழித்தடத்துக்கு வேண்டியது அதிவேகக் கப்பல் அன்று. குறைந்த செலவில் நாள் தவறாமல் ஓடும் கப்பலே.

அப்படியானால் தோல்வி எங்கே நேர்ந்தது? கப்பலைத் தேர்ந்ததில் அன்று. வாங்கிய பிறகு வரும் செலவில்தான் நேர்ந்தது. சுதேசிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பிறகு எதிர்த்தரப்பு இலவசமாகவே ஏற்றிச் செல்வதாக அறிவித்து, பயணிகளுக்குக் குடையும் கொடுத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். வங்காள விரிகுடாவிலிருந்து பாரசீக வளைகுடா வரை கப்பலோட்டிய பெருநிறுவனம் அது. அஞ்சல் ஒப்பந்தங்களால் அரசுப் பணமும் அதற்குக் கிட்டியது. ஒரு வழித்தடத்தில் விழும் நட்டத்தை மற்ற வழித்தடங்களின் இலாபத்தில் ஈடுகட்ட அதனால் முடிந்தது. இரண்டே கப்பல், ஒரே வழித்தடம் என்றிருந்தவருக்கு அந்த வசதி இல்லை. கைப்பணம் முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்துவிட்டவர் முதல் பழுதிலேயே திணறுவது போல, கப்பலுக்கு மூலதனத்தைக் கொட்டிய கம்பெனிக்கு நட்டத்தைத் தாங்கி நிற்கும் இருப்பு போதவில்லை.

அதைவிடப் பெரிய அடி அரசிடமிருந்து வந்தது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினர், தொழிலாளர் வென்றனர். மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஜூலையில் நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் வதைபட்டார், செக்கிழுத்தார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் போட்டியாளர் கைக்கே போய்ச் சேர்ந்தன. அதே ஆண்டு ஜூனில், ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்திலுள்ள மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவருக்குக் கப்பலும் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. சென்னையில் சிறு வணிகம் செய்து குடும்பத்தைக் காத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிய 347 ரூபாய் 12 அணாவுக்காகக் காந்தியடிகளுடன் நெடுநாள் கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருந்தது. பின்னர் உரிமத்தை மீட்டுத் தந்த நீதிபதி வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தார். திருக்குறளுக்கான மணக்குடவர் உரையையும் தொல்காப்பியத்துக்கான இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார்.

நியாயமாக எழும் ஐயம் ஒன்றுண்டு. அடக்குமுறை இல்லாதிருந்தால் கம்பெனி நிலைத்திருக்குமா? 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் வழி திறந்தபோது, இலங்கைப் பயணிகளில் பெரும்பகுதியினர் அந்தக் குறுகிய வழிக்குத் திரும்பினர். பயணிகளையே பெரிதும் நம்பிய கப்பல்கள் அப்போது சரக்குக்கோ வேறு வழித்தடத்துக்கோ மாற வேண்டியிருந்திருக்கும். ஆனால் மாறுவதற்கான வாய்ப்பே அவருக்குத் தரப்படவில்லை என்பதுதான் அநீதி. சந்தையில் தோற்பது வேறு. சந்தையிலிருந்து விலங்கிட்டு அகற்றப்படுவது வேறு.

போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்க விலைக்கும் கீழே விற்பதைச் சந்தை ஆதிக்கமுள்ள நிறுவனங்களுக்கு 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. அன்று அப்படியொரு சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் ஆட்சி எந்தப் பக்கம் நின்றிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்று சட்டம் இருக்கிறது. எனினும் பெருநிறுவனங்களின் இலவசங்களுக்கும் தள்ளுபடிகளுக்கும் முன்னால் சிறு முதலாளிகள் நிற்க முடியாமல் சாய்வதை நாம் காண்கிறோம். இலவசக் குடையை வாங்கிக்கொண்டு கப்பலேறிய பயணி அன்றைக்கு மிச்சப்படுத்தியது சில அணாக்களை. இழந்தது தனக்கென இருந்த ஒரு கப்பலை.

தூத்துக்குடித் துறைமுகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த இல்லம் நினைவிடமாக இருக்கிறது. அங்கே செல்லும் மாணவர்களுக்கு அவர் இழுத்த செக்கைப் பற்றிச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். கூடவே, அவர் போட்ட கணக்குகளையும் சொல்வோம். எதை வாங்குவது, எதற்காக வாங்குவது, யாருக்காக வாங்குவது என்று ஆராய்ந்து தேர்ந்த ஒரு தொழில்முனைவோராகவும் அவரை அறிமுகம் செய்வோம். அவருடைய துன்பத்தை நாம் பின்பற்ற வேண்டியதில்லை, அறிவைப் பின்பற்றலாம்.