வில்லார்டு கிப்ஸ்

சேலத்தை அடுத்த குன்றுகளில் மாக்னசைட்டு என்னும் வெள்ளைக்கல் கிடைக்கின்றது. வெயிலிலும் மழையிலும் பன்னெடுங்காலம் கிடந்தும் அது கல்லாகவே இருக்கின்றது. அதனையே சூளையிலிட்டுச் சுட்டால், கரியமிலவாயு பிரிந்து நீங்க, உலைச் செங்கல் செய்ய உதவும் மக்னீசியா எஞ்சுகின்றது. இத்தகைய மாறுதல் எந்நிலையில் நிகழும், எந்நிலையில் நிகழாது என்பதைச் செய்து பாராமலே கணித்தறியும் வழியை வகுத்தவர் ஜோசையா வில்லார்டு கிப்ஸ் ஆவார்.

கிப்ஸ் 1839ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நியூஹேவன் நகரில் பிறந்தார். தந்தையார் அந்நகரத்து யேல் கல்லூரியில் சமயநூற் பேராசிரியர். மைந்தரும் அங்கேயே பயின்று, 1863இல் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். பொறியியல் வல்லுநராகிய அவர் முதலில் கற்பித்தது இலத்தீன் மொழி என்பது வியப்பிற்குரியது. 1866இல் ஐரோப்பா சென்று, பாரிஸ், பெர்லின், ஹைடல்பர்க் நகரங்களில் மூன்றாண்டுகள் கற்று மீண்டார். 1871இல் யேல் அவரைக் கணிதப் பௌதிகப் பேராசிரியராக அமர்த்தியது. ஊதியம் மட்டும் வழங்கவில்லை. தந்தையார் வைத்துச் சென்ற பொருளைக்கொண்டு, மணம் புரியாது, உடன்பிறந்தாள் குடும்பத்தோடு அவர் வாழ்ந்து வந்தார்.

அந்நாளில் எழுதியதே அவருடைய பெரும் ஆராய்ச்சியுரை. ஏறத்தாழ முந்நூறு பக்கம் கொண்ட அதனைக் கனெக்டிகட் கழகத்தார் 1876 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்டனர். அவர்களுள் அதன் பொருளை உணர்ந்தோர் அரியர். ஆயினும் பணம் திரட்டி அச்சேற்றினர். விளங்காத நூலுக்கும் பொருளுதவிய அவர்தம் பெருந்தன்மையை என்னென்பது!

அவ்வுரையிலிருந்து பிறந்த விதி இது. வெப்பநிலையும் அழுத்தமும் மாறாதிருக்கும்போது, மாறுதலில் பொருள்கள் ஏற்கும் வெப்பத்தைக் கணக்கிடல் வேண்டும். வெளிவிடும் வெப்பமாயின் அது குறையெண். பின்னர், ஆற்றலின் சிதறலை அளக்கும் என்ட்ரோப்பி எவ்வளவு மிகுகின்றதெனக் கண்டு, அதனைத் தனிவெப்பநிலையால் பெருக்கி, முன்னதிலிருந்து கழித்தல் வேண்டும். எஞ்சுவது குறையெண்ணாயின் மாறுதல் தானே நிகழும்; மிகையெண்ணாயின் நிகழாது; சுழியாயின் சமநிலை. வெள்ளைக்கல் சிதையுங்கால் வெப்பத்தை ஏற்கின்றது. வாயு பிறப்பதால் என்ட்ரோப்பியும் மிகுகின்றது. சூடு ஏற ஏறக் கழிக்கும் தொகை பெருகி, ஓரெல்லையில் வெப்பத்தின் அளவை விஞ்சுகின்றது. அதன்பின் கல் கல்லாக நிலைப்பதில்லை. எத்துணை விரைவில் சிதையும் என்பதை மட்டும் இக்கணக்குக் கூறாது.

இங்கிலாந்தில் மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் கிப்சின் பெருமையை முன்னரே உணர்ந்திருந்தார். கிப்ஸ் விளக்கிய வெப்பவியல் மேற்பரப்பொன்றைச் சாந்தினால் உருவமாகச் செய்து அவருக்கு அனுப்பினார். 1880இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 3,000 டாலர் தருவதாக அழைத்தது. அதன்பின்னரே யேல் விழித்துக்கொண்டு 2,000 டாலர் தர இசைந்தது. கிப்ஸ் குறைந்த ஊதியத்தையே ஏற்று, தம் ஊரைவிட்டுப் பெயராதிருந்தார். 1892இல் ஆஸ்ட்வால்டு அவருரையை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1901இல் இலண்டன் ராயல் சங்கத்தின் காப்ளே பதக்கம் அவரை அடைந்தது. 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், பிறந்த நகரிலேயே அவர் காலமானார்.