வாயு எஞ்சினை அடக்கிய ஓட்டோ

ஜெர்மனியில் ஹோல்ஸ்ஹவுசன் என்ற சிற்றூரில், 1832-ம் ஆண்டு பிறந்தார் நிக்கோலஸ் ஓட்டோ. இளமையிலேயே தகப்பனாரை இழந்தார். பிழைப்புக்காக ஊர் ஊராகச் சென்று, மளிகைக் கடைகளுக்குத் தேயிலையும் சர்க்கரையும் விற்றார். எஞ்சினீயரிங் படித்தவர் அல்லர்.

1860-ல் பாரிசில் லெனுவார் என்பவர் வாயு எஞ்சின் செய்தார். அதன் பிறகு ஓட்டோவுக்கு வியாபாரத்தில் மனம் செல்லவில்லை. தாமே ஓர் எஞ்சின் அமைத்தார். உள்ளே எழுந்த வெடிப்பின் அதிர்ச்சியைத் தாங்காமல், 1862-ல் அது நாசமாயிற்று!

சக்தியை உண்டாக்கினால் போதுமா? அடக்கவும் வேண்டுமே!

ஓட்டோ தளரவில்லை. 1864-ல் லாங்கன் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து கொலோன் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். 1867-ல் பாரிஸ் பொருட்காட்சியில் அவர்களுடைய எஞ்சின் தங்கப் பதக்கம் பெற்றது. 1876-ல், உறிஞ்சுதல், அழுத்துதல், வெடித்தல், வெளியேற்றுதல் என்ற நான்கு வீச்சில் ஓடும் எஞ்சின் வெற்றி கண்டது.

காவல்காரன்

ஓடும்போது பெல்ட் அறுந்தால் சுமை போய்விடும். எஞ்சின் தறிகெட்டு ஓடும். சக்கரம் சிதறினால் ஆள் பிழைப்பது அரிது. இதைத் தடுக்க ஓட்டோ எஞ்சினில் கவர்னர் இருந்தது. வேகம் மிஞ்சியதும், வாயு வால்வை அது திறக்க விடாது. வெறும் காற்றே உள்ளே போகும், வெடிப்பு இராது. வேகம் தணிந்ததும் மறுபடி வாயு வரும்.

எண்ணெயையும் தண்ணீரையும் கவனிக்க அந்நாளில் ஆள் வேண்டும். இன்றைய பெரிய வாயு எஞ்சின்களில் அந்த வேலையைக் கருவிகள் செய்கின்றன. எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும், தண்ணீர் சூடேறினாலும், அதிர்வு மிஞ்சினாலும் எஞ்சின் தானே நின்றுவிடும். வாயு வால்வைத் திறந்து வைப்பது மின்சாரம். மின்சாரம் போனால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். காவலுக்கு மின்சாரம் அற்றுப் போனாலும் எஞ்சின் நின்றுவிடும்!

சாதாரணமாக நிறுத்தும்போது முதலில் வாயுவை மூடுவார்கள்; தீப்பொறி சற்று நேரம் தொடரும். உள்ளே மிஞ்சிய வாயு எரிந்து தீர வேண்டும். எரியாமல் புகைக்குழாயில் தங்கினால், அங்கே வெடிக்கும்.

கடைசிக் காலம்

1886-ல் ஓட்டோவுக்குப் பேரிடி விழுந்தது. நான்கு வீச்சுத் தத்துவத்தை பிரெஞ்சுக்காரர் போ த ரோஷா 1862-லேயே எழுதிவிட்டார் என்று கூறி, ஓட்டோவின் பேட்டண்ட் உரிமையை நீதிமன்றம் ரத்து செய்தது. 1891 ஜனவரி 26-ந் தேதி, 58-வது வயதில் ஓட்டோ காலமானார்.

உரிமை போயிற்று, பெயர் போகவில்லை. நான்கு வீச்சு முறைக்கு இன்றும் ஓட்டோ சுழற்சி என்றே பெயர்.