பறவையியல் பேரறிஞர் சாலிம் அலி

விருத்தாசலத்துப் பீங்கானை நாடறியும். ஆனால் மங்கலம்பேட்டையைச் சூழ்ந்த ஏரிகளில் மழைக்காலம் கழிந்தபின் வந்திறங்கும் பறவைகள் எத்தனை என வினவின், நம்மில் விடையிறுப்போர் அரியர். அவ்வாறு எண்ணுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் டாக்டர் சாலிம் அலி.

1896 நவம்பர் 12-இல் மும்பையில் பிறந்த அவர், மழலைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவராயிருந்தபோது குருவிக்கூடொன்றைக் கண்டார். காவலிருந்த ஆண்குருவியைச் சுட்டு வீழ்த்த, பெட்டை வேறோர் ஆணைத் துணையாக்கிக் கொண்டது. ஏழு நாள்களில் எட்டு ஆண்குருவிகள் வீழ்ந்தன! கொடுஞ்செயலே, மறுப்பதற்கில்லை. எனினும் கண்டதைக் கண்டவாறே குறித்து வைத்தார் அச்சிறுவர். பல்லாண்டுகள் கழித்து அக்குறிப்பு மாற்றமின்றி அச்சேறியது. பின்னொருநாள் மஞ்சள் கழுத்துடைய சிட்டொன்றின் பெயரறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடியபோது, அதன் செயலாளர் மில்லர்ட் பாடம் செய்யப்பெற்ற பறவைகளைத் திறந்து காட்டினார். அவர்தம் வாழ்வின் திசை அன்று தெளிந்தது.

முறையான பட்டம் இன்மையால் அரசுப் பணி கிட்டவில்லை. அருங்காட்சியகத்தில் பெற்ற வேலையும் நிலைக்கவில்லை. வேலையற்றிருந்த அக்காலத்தில்தான், 1930-இல், கீகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தூக்கணாங்குருவிகளை மாதக்கணக்கில் நோக்கினார். நம் பனைமரங்களில் நாளும் நாம் காணும் அதே குருவிதான். ஆண்குருவி பாதி கட்டிய கூட்டைப் பெட்டை வந்து ஆராய்ந்து ஏற்ற பின்னரே ஆண் அதனை முடிக்கிறது; பெட்டை முட்டையிட்டதும் வேறொரு பெட்டைக்காக மற்றொரு கூட்டைத் தொடங்குகிறது. இவ்வுண்மையைப் பொறுமையும் குறிப்பேடும் கொண்டே அவர் உலகிற்கு உணர்த்தினார்.

பின்னர் ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களின் பறவைகளை ஆய்ந்தார். பயணச் செலவை ஏற்றால் போதும், ஊதியம் வேண்டா என்று அவரே முன்வந்தார் என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. துணைவியார் தெஹ்மினா முகாம்தோறும் உடனிருந்தார். 1939-இல் அவர் மறைந்தது பேரிழப்பாயிற்று. 1941-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூலோ, ஆசிரியரும் அலுவலரும் மாணவரும் தாமே பறவைகளை இனங்காண வழிவகுத்தது.

1959-இல் அவர் தலைமையில் தொடங்கிய வலசை ஆய்வு, பின்னர் நம் கோடியக்கரையிலும் நடைபெற்றது. பறவையின் காலில் எண் பொறித்த மெல்லிய வளையமிட்டு விடுவர். எங்கோ தொலைநாட்டில் ஓர் உழவனோ வேடனோ அதனைக் கண்டெடுத்துத் தெரிவித்தாலன்றி அவ்வளையத்தால் பயனில்லை. பெயரறியா அம்மனிதர்களின் அஞ்சல்களைக் கொண்டே வலசைப் பாதைகள் வரையப்பட்டன. பரத்பூர் ஏரியை வற்றச்செய்து விளைநிலமாக்க முற்பட்டபோது நேருவிடம் முறையிட்டு அதனைக் காத்ததும், நெடுங்காலம் அங்குப் பறவைகளைக் கணித்தறிந்த இவர்தாம்.

1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1987 ஜூன் 20-இல் மறைந்தார். தன்னார்வலர்கள் ஜனவரிதோறும் ஏரிகளில் நின்று எண்ணும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அதில் பங்கேற்கப் பட்டம் எதுவும் கேட்பதில்லை.