கோடை மலையில் ஓய்வு பெற்ற வேலூர் டாக்டர் அம்மையார்

திண்டிவனம். 1890-களின் தொடக்கம். நள்ளிரவு. அமெரிக்கப் பாதிரியார் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

ஐடா கதவைத் திறந்தாள். இருபது வயதை ஒட்டிய வெள்ளைக்காரப் பெண். வாசலில் ஒரு பிராமணர் நின்றார். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார்.

ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அவளுடைய தந்தைதான் டாக்டர். அவரை அழைத்து வருகிறேன் என்றாள். வந்தவர் முகம் மாறிவிட்டது. அன்னிய ஆண் தன் வீட்டுப் பெண்ணைத் தொடுவதா? பேசாமல் திரும்பிவிட்டார்.

சற்று நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இப்போது ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்து வந்தார். அவரும் அப்படியே போனார்.

பொழுது விடிந்தது. தெருவில் சாவு மேளம் கேட்டது. ஐடா ஆள் அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்!

தாய்க்கு உடல்நலம் இல்லை என்று கேட்டுத்தான் அவள் இந்தியா வந்திருந்தாள். சீக்கிரம் அமெரிக்கா திரும்ப வேண்டும் என்பதே அவள் எண்ணம். அந்த எண்ணம் அந்த ஒரே இரவில் மாறியது. டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் சொன்னாள்.

தாத்தா காலத்துத் தொழில்

ஸ்கடர் குடும்பத்துக்கு வைத்தியம் புதிதல்ல. ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் கப்பல் ஏறி இலங்கை வந்தவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் ஆஸ்பத்திரி நடத்தினார். பிறகு சென்னையில் பணி செய்தார். ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9-ந் தேதி, ராணிப்பேட்டையில். குழந்தைப் பருவத்திலேயே தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர். எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைகளுக்குத் தன் கையால் ரொட்டி கொடுத்தவர்.

1899-ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய காலம் அது. ஊர் திரும்புமுன், வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் தேடினார். ஒரு வீட்டில் அவர் நிதி கேட்டுப் பேசியது அடுத்த அறையில் இருந்த ஒரு பணக்காரர் காதில் விழுந்தது. அவர் பெயர் ஷெல். மனைவியை இழந்தவர். அவள் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஒரே ஒரு டாக்டர், ஊரெல்லாம் நோயாளிகள். வாரம் ஒரு நாள் மாட்டு வண்டியில் கிராமங்களுக்குப் போவார். மரத்தடிகளில் ஜனங்கள் காத்திருப்பார்கள். புண்ணைக் கழுவி, பல்லைப் பிடுங்கி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த மரத்தடிக்கு நகர்வார். பிறகு பெஜோ மோட்டார் வந்தது. வண்டி போடும் சத்தத்தைக் கேட்டு, பேய் வருகிறது என்று ஓடியவர்களும் உண்டு.

சிரித்த துரை

தான் ஒருத்தி எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? இந்தியப் பெண்களே டாக்டர்களாக வேண்டும் என்று ஐடா அம்மையார் தீர்மானித்தார். மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியிடம் அனுமதி கேட்டார். அந்தத் துரை சிரித்தார். ஆறு பெண்கள் சேர்ந்தால் பள்ளியைத் தொடங்கிக்கொள்ளலாம் என்றார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்பது அவர் நினைப்பு.

விண்ணப்பங்கள் குவிந்தன. பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. 1918-ல் வகுப்பு தொடங்கியது. முதல் அணியில் 14 பெண்கள் படித்துத் தேறி வெளியே வந்தார்கள். பரீட்சையில் ஆண்களைவிட அவர்களே முந்தினார்கள்.

சோதனை 1930-களின் கடைசியில் வந்தது. வெறும் டிப்ளமா செல்லாது, எம்.பி.பி.எஸ். பட்டம்தான் வேண்டும் என்று அரசு மாற்றம் கொண்டுவந்தது. கட்டிடம், கருவி, பேராசிரியர்கள் எல்லாம் வேண்டும். இல்லையென்றால் கல்லூரியை மூட வேண்டும். எழுபது வயதில் அம்மையார் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் கேட்டார். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற நிலை. பெண்களுக்காகக் கொடுத்த பணத்தில் ஆண்கள் படிப்பதா என்று பழைய தோழிகளே சண்டை பிடித்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் அம்மையார் இணங்கினார். 1942-ல் பட்டப்படிப்பு வந்தது. 1947-ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள்.

மலை வீடு

கோடைக்கானல் அவருக்குப் பழகிய மலை. மோட்டார் சாலை போடாத காலத்தில் அங்கே போகப் பெரியகுளம் பக்கமிருந்து டோலியிலும் குதிரையிலும் ஏற வேண்டும். கோடைதோறும் மிஷனரிக் குடும்பங்கள் அப்படித்தான் போயின. 1946-ல் ஓய்வு பெற்ற அம்மையார், கோடையில் இருந்த ஹில்டாப் என்ற தன் வீட்டில் தங்கினார். பூந்தோட்டம் வளர்த்தார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து கடிதங்கள் வந்தன. முகவரியில் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதம்கூட அவரிடம் சேர்ந்தது! 1960 மே மாதம் அந்த வீட்டிலேயே காலமானார். வயது 89.

இரத்தம் கழுவும் யந்திரம்

அவர் கண்ணால் பாராத வேலை ஒன்று அதன்பின் வேலூரில் தொடங்கியது.

பிரசவத்தில் உதிரம் மிகுதியாகப் போனாலும், கருப்பையில் சீழ் பிடித்தாலும், சிறுநீரகம் திடீரென்று நின்றுவிடுவது உண்டு. சிறுநீர் இறங்காது. உடலின் கழிவு இரத்தத்திலேயே தங்கும். சில நாளில் உயிர் போகும். ஐடா அம்மையார் ஷெல் ஆஸ்பத்திரி நடத்திய காலத்தில் இதற்கு உலகில் எங்குமே மருந்து இல்லை.

1943-ல் ஹாலந்து நாட்டு டாக்டர் கோல்ஃப் ஒரு வழி கண்டார். நாடு ஜெர்மானியர் கையில் இருந்தது. எந்தச் சாமானும் கிடைக்காத நேரம். இறைச்சி அடைக்கும் மெல்லிய செலோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றினார். குழாய்க்குள் நோயாளியின் இரத்தம். வெளியே உப்புக் கரைத்த நீர். குழாயின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே கழிவு நீருக்குப் போயிற்று. இரத்த அணுக்கள் உள்ளேயே நின்றன. இதுதான் டயாலிசிஸ். முதல் நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-ல் ஒரு மூதாட்டி பிழைத்தார்.

கோல்ஃப் பிறகு அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் குடியேறினார். அந்நகரில் பயிற்சி பெற்ற நகமோட்டோ என்ற டாக்டர் 1960-களின் தொடக்கத்தில் வேலூர் வந்தார். இந்தியாவின் முதல் டயாலிசிஸ் அவர் கையால் அங்கே நடந்தது.

பிரசவத்தில் சிறுநீரகம் நின்றுபோன தாய்க்கு இந்த யந்திரம் சில நாட்கள் துணையிருந்தால் போதும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அவளுடைய சிறுநீரகமே மறுபடி வேலை செய்யத் தொடங்கும். ஆனால் நாள்பட்ட நோயில் சிறுநீரகம் அடியோடு பழுதானவர்கள் கதி வேறு. அவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஆயுள் முழுவதும் யந்திரம் வேண்டும். இல்லையேல் மாற்றுச் சிறுநீரகம் வேண்டும். அதுவும் வேலூரில் கைகூடியது. 1971-ல் அறுவை நிபுணர் மோகன் ராவும் சிறுநீரக மருத்துவர் ஜானியும் அடங்கிய குழு, இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையைச் செய்து முடித்தது.