வேதியியல் மேதை பெர்சி ஜூலியன்

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் 1899ஆம் ஆண்டு பெர்சி ஜூலியன் பிறந்தார். அவர்தம் பாட்டனார் அடிமையாய் வாழ்ந்தவர். கருப்பினப் பிள்ளைகள் பயில அந்நகரில் அரசு உயர்நிலைப்பள்ளிகூட இல்லை.

1916இல் இந்தியானா மாநிலத்து டிபா பல்கலைக்கழகம் புகுந்த அவருக்கு விடுதியில் இடமில்லை. வெள்ளை மாணவர் இல்லமொன்றில் உணவு பரிமாறி, மச்சில் உறங்கினார். கல்லூரிப் பாடத்தோடு, விடுபட்ட பள்ளிப் பாடங்களையும் கற்றார். 1920இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார்.

ஹார்வர்டில் 1923இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். வெள்ளை மாணவர்க்குக் கருப்பர் கற்பிப்பதா என்று ஆசிரியத் துணைப்பணி மறுக்கப்பட, மேற்படிப்பு தடைப்பட்டது. சோர்ந்தாரல்லர், வியன்னா சென்று, கரிம வேதியியலில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கண்ணழுத்த நோய்க்கு மருந்தாகும் ஃபைசோஸ்டிக்மின், ஆப்பிரிக்கக் கொடியொன்றின் விதையிற் கிடைப்பது. அதனைச் செயற்கையாய் அமைக்கும் முயற்சியில் ஆக்ஸ்ஃபோர்டு பேரறிஞர் ராபர்ட் ராபின்சன் பிழைபட்டார் என ஜூலியன் துணிந்து எழுதினார். பொருள்களின் உருகுநிலையே அவருக்குச் சான்றாய் நின்றது. 1935இல் ஜோசப் பிக்லுடன் இணைந்து அம்மருந்தை முழுமையாய் அமைத்து முடித்தார்.

நிறம் கருதிப் பேராசிரியர் பதவி மறுக்கப்படவே, 1936இல் தொழில் நிறுவனமொன்றின் ஆய்வுத் தலைவரானார். சோயா எண்ணெயிலிருந்து புரோஜெஸ்டிரோன் முதலிய ஹார்மோன்களை மிகுதியாய்த் தயாரிக்க வழிகண்டார். 1950இலும் 1951இலும் ஓக் பார்க்கில் அவர் இல்லம் தாக்கப்பட்டது, அவர் அகலவில்லை. 1973இல் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1975இல் மறைந்தார்.

இளைஞர்களே! வெப்பமானிக்கு நிறம் தெரியாது; குலமும் தெரியாது. அதனைக் கையிலேந்தும் தகுதியைக் கல்வியால் பெறுவீர்!